ஊர்ப் பள்ளியும் ஊரார் கடமையும்

அரசுப் பொதுத்தேர்வின் முடிவு வெளியாகும் நாளில், சிற்றூர் உயர்நிலைப் பள்ளியை நோக்கி நாம் கேட்கும் முதற் கேள்வி, 'எத்தனை பேர் தேறினர்?' என்பதே. அப்பள்ளிக்கு நாம் என்ன கொடுத்தோம் என்று கேட்பதில்லை. தமிழகம் ஒரு காலத்தில் இந்த இரண்டாம் கேள்வியையும் கேட்டது. அதனாற் பயனும் கண்டது.

1954-இல் காமராசர் முதலமைச்சரானார். 1956-இல் தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. பசி தணிந்த பிள்ளைகள் படிப்பில் நிலைத்தனர். அவர்களே பின்னர் உயர்நிலைப் பள்ளிகளை நிறைத்தனர். ஆயினும் அமர்வதற்குப் பலகை போதவில்லை. ஒதுங்குவதற்குக் கட்டடம் போதவில்லை. அந்நாளில் பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் ஊராரையே நாடினார். 1958-இல் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடு மாவட்டந்தோறும் பரவிற்று. இடமும் கட்டடமும், கரும்பலகையும் கடிகாரமும், சீருடையும் ஊராரின் கொடையாய் வந்து குவிந்தன.

இவ்வழி நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் வக்ஃபு செய்தவர்கள் நம் முன்னோர். அதே உள்ளந்தான் 1955-இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரியையும், 1956-இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியையும் எழுப்பிற்று. ஒன்று கடலோரத்தில், மற்றொன்று கம்பம் பள்ளத்தாக்கில். பெருநகரை எதிர்நோக்கி அவர்கள் காத்திருக்கவில்லை.

1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தது. அதுகாறும் பதினோராம் வகுப்போடு பள்ளியிறுதி முடிந்து, புகுமுக வகுப்பு கல்லூரியில் இருந்தது. புதிய முறையில் பள்ளியிலேயே ஆய்வுக்கூடம் வேண்டும். பாடந்தோறும் முதுகலை ஆசிரியர் வேண்டும். இவை வாய்த்த பள்ளிகள் உயர்ந்தன. வாய்க்காதவை பத்தாம் வகுப்போடு நின்றன. பேருந்தேறி அயலூர் சென்று படிக்க ஆண்பிள்ளைக்கு இசைந்த வீடுகளிற் பல, பெண்பிள்ளைக்கு இசையவில்லை. அவளுடைய படிப்பு அறிவுக் குறைவால் நின்றதன்று. ஊரில் ஓர் ஆய்வுக்கூடம் இல்லாமையால் நின்றது. இப்பழியைத் தலைமையாசிரியர் மீது மட்டும் சுமத்துதல் நீதியாகுமா?

வழிப்போக்கர் தாகம் தீரக் கிணறு வெட்டுவதை ஸதகத்துல் ஜாரியா எனப் போற்றுகிறோம். ஊர்ப் பள்ளிக்கு நூலகமும் ஆய்வுக்கூடமும் அமைத்துத் தருவதும் அத்தகைய நிலைத்த தருமமே. அடுத்த ஆண்டு மதிப்பெண் பட்டியலைக் கையிலெடுக்குமுன், ஜமாஅத்தார் ஒருமுறை அப்பள்ளிக்குள் சென்று பார்த்து வருவார்களாக! வல்ல அல்லாஹ் அதற்கான நல்லெண்ணத்தை நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.