எனக்கு அப்புறம் யாரு? ஆய்க்குடியில் இருந்து ஒரு கதை

குற்றாலத்துக்கு சீசன்ல போயிருப்பீங்க. ஐந்தருவி, பழைய குற்றாலம், பார்டர் பரோட்டா, திரும்பி பஸ். நம்ம எல்லாருக்கும் தென்காசின்னா அவ்வளவுதான். அதே தென்காசியிலிருந்து அருவிக்கு எதிர்ப்பக்கமா சில கிலோமீட்டர் போனா ஆய்க்குடி. வயலும் முருகன் கோயிலும் இருக்கிற சின்ன ஊர். இன்னைக்குக் கதை அங்கேதான்.

1975 ஜனவரி. கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த ஆய்க்குடிப் பையன் எஸ். ராமகிருஷ்ணன், கடற்படை அதிகாரி தேர்வுக்காக பெங்களூரு போகிறார். உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து கழுத்தெலும்பில் அடி. கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்தது. அப்போது அவருக்கு இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும். ராணுவ மருத்துவமனையில் அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல். ஊர் திரும்பிய ராமகிருஷ்ணன் 1981-ல் அந்த மருத்துவர் பெயரை வைத்து 'அமர் சேவா சங்கம்' ஆரம்பித்தார். அது ஐ.நா. அறிவித்த சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு. தொடக்கம் என்னவோ ஓலைக் கூரைக்குக் கீழே ஒரு சின்னப் பள்ளிக்கூடம்தான். 1992-ல் தசைச்சிதைவு நோயுள்ள ஆடிட்டர் எஸ். சங்கர ராமன் சேர்ந்தார். வீல்சேரில் இருந்த இரண்டு பேர் நடத்திய நிறுவனம் இது. 2020-ல் ராமகிருஷ்ணனுக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

இதுவரைக்கும் இது நியூஸ் பேப்பர்ல வர்ற 'சாதனைக் கதை' மாதிரிதான் இருக்கு இல்லையா? எனக்கு ஆர்வம் வேற இடத்துல.

ராமகிருஷ்ணனுக்கும் சங்கர ராமனுக்கும் உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. தங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களே பேசினார்கள், மனு எழுதினார்கள், வாதாடினார்கள். ஆட்டிசம் உள்ள, அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு குழந்தைக்காக யார் பேசுவது? பெரும்பாலும் அம்மா. அந்த அம்மாவுக்கு பீடி சுற்றுகிற வேலையோ வயல் வேலையோ இருக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாரம் மூன்று நாள் பஸ் ஏறி தெரபிக்கு வா என்றால் எப்படி வருவாள்?

அதனால் வேலை ஊருக்குள் நகர்ந்தது. ஊர் ஊராகப் பணியாளர்கள் வீட்டுக்கே போய் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பார்ப்பது, என்ன செய்யணும்னு வீட்டிலேயே பெற்றோருக்குக் காட்டிக் கொடுப்பது. பின்னால் அதற்கு ஒரு மொபைல் செயலியும் வந்தது. இதில் எனக்குப் பிடித்தது ஒன்று: குழந்தை உட்காருதா, நிக்குதான்னு மட்டும் பார்க்காம, பார்த்துக்கொள்கிறவர் மேல் எவ்வளவு சுமை இருக்குன்னும் கேட்டுப் பதிவு செய்கிறார்கள்.

சரி, குழந்தை வளர்கிறது. பதினெட்டு வயசு. இங்கேதான் சட்டம் கதவைத் தட்டுது. பதினெட்டு முடிந்ததும் சட்டத்தின் கண்ணில் அவர் மேஜர். அம்மா அப்பாவே ஆனாலும் தானாகப் பாதுகாவலர் கிடையாது. 1995-ல் வந்த ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைகளைத்தான் பட்டியலிட்டது. ஆட்டிசம் அதில் இல்லவே இல்லை! 1999 கடைசியில் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளைமுடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு, இந்த நான்குக்கும் தனியாக. 'எனக்கு அப்புறம் என் புள்ளைக்கு யாரு?' என்ற பெற்றோர் கேள்விதான் அந்தச் சட்டத்தின் உயிர்.

எப்படி வேலை செய்யும்? மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர்க் குழு. அதில் கலெக்டர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர். இவர்கள்தான் பாதுகாவலரை நியமிப்பார்கள். நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தரணும், வருஷா வருஷம் கணக்கு காட்டணும். கவனிக்காம விட்டாலோ சொத்தைச் சுருட்டினாலோ நீக்கலாம். சொந்தக்காரங்க மேலயே ஒரு கண் வைத்த சட்டம்.

நடைமுறையில் ஒரு சின்ன விஷயம். 2019 நவம்பர் வரை தென்காசி தனி மாவட்டம் இல்லை. கலெக்டர் ஆபீஸ் என்றால் திருநெல்வேலி. ஆய்க்குடிப் பக்கத்து அம்மா கூட்டத்தைக் கண்டால் அலறுகிற இருபது வயது மகனோடு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போகணும். மாவட்டம் பிரிந்ததை நாம் அரசியல் செய்தியாகக் கடந்துபோனோம். அந்த அம்மாவுக்கு அது அரை நாள் மிச்சம்.

அப்புறம் 2016. புதிய சட்டம் ஏழை இருபத்தொன்றாக்கியது. ஆட்டிசம் பட்டியலுக்குள் வந்தது. இந்தியா 2007-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் தாக்கம் இது. அதோடு ஒரு புது யோசனையும் வந்தது: 'வரையறுக்கப்பட்ட பாதுகாவல்'. பாதுகாவலர் தன்னிஷ்டத்துக்கு முடிவெடுக்கக் கூடாது, அவரும் அந்த மாற்றுத்திறனாளியும் சேர்ந்து முடிவெடுக்கணும், அதுவும் குறிப்பிட்ட விஷயத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 1999 சட்டமும் போகல, அதுவும் இருக்கு. ஒன்று அம்மாவோட பயத்தில் இருந்து பிறந்தது. இன்னொன்று மகனோட உரிமையில் இருந்து பிறந்தது. பேச்சே வராத மகன் விருப்பத்தை எப்படிச் சொல்வான், அதை யார் புரிந்துகொண்டார்கள் என்று யார் சரிபார்ப்பார்கள்? தெரபி ரூம்ல ஒரு அம்மா, 'அவன் தட்டைத் தள்ளினா வேணாம்னு அர்த்தம், என் கையப் புடிச்சு இழுத்தா வெளிய போகணும்னு அர்த்தம்'னு விளக்குவாங்களே, அதை ஒரு அரசாங்கப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?