119 நாள் பிரதமர் ஜார்ஜ் கெனிங்: நம் கடலைப் பிரித்த கையெழுத்து

2022இல் லிஸ் டிரஸ் 49 நாளில் பதவி இறங்கும் வரை, பிரிட்டனில் மிகக் குறைந்த காலம் பிரதமராக இருந்தவர் ஜார்ஜ் கெனிங். 1827 ஏப்ரல் 12 முதல் ஆகஸ்ட் 8 வரை 119 நாள்கள்தான் ஆட்சி. ஆனால் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் இட்ட ஒரு கையெழுத்து, பினாங்குத் தமிழர்களான நமக்கும் தொடர்புடையது.

கெனிங் 1770 ஏப்ரல் 11இல் லண்டனில் பிறந்தார். முதல் பிறந்தநாளன்றே தந்தை இறந்துவிட்டார். பிழைப்புக்காகத் தாயார் மேடை நடிகையானார். வசதி படைத்த சித்தப்பாவின் ஆதரவில் ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தார். நடிகையின் மகன் என்ற ஏளனம் அரசியலிலும் அவரை விடவில்லை. 1809இல் சக அமைச்சர் காசல்ரேயுடன் துப்பாக்கிச் சண்டையிட்டுத் தொடையில் குண்டடி பட்டார்.

1816 முதல் சில ஆண்டுகள், கிழக்கிந்தியக் கம்பெனியை மேற்பார்வையிடும் வாரியத்தின் தலைவராக இருந்தார். பினாங்கு அப்போது அந்தக் கம்பெனியின் ஆட்சியில்தான் இருந்தது. 1822இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகப் புறப்படவிருந்த வேளையில் காசல்ரே தற்கொலை செய்துகொள்ள, கெனிங் வெளியுறவு அமைச்சரானார்.

1819இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கால்பதித்ததை டச்சுக்காரர்கள் ஏற்கவில்லை. அந்தத் தகராறைத் தீர்க்க 1824 மார்ச் 17இல் லண்டனில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரிட்டன் சார்பில் கையெழுத்திட்ட இருவரில் ஒருவர் கெனிங். மலாக்கா பிரிட்டனுக்கு வந்தது. சுமத்ராவின் பெங்கூலன் டச்சுக்காரர்களுக்குப் போனது. பழவேற்காடு, தூத்துக்குடி உள்ளிட்ட டச்சு இடங்களும் பிரிட்டன் வசமாயின.

இதில் மலாய் ஆட்சியாளர் எவரும் கையெழுத்திடவில்லை. ஆனால் ஜொகூர்-ரியாவ் சுல்தானகம் இரண்டாகப் பிளந்தது. பின்னாளில் மலேசியாவும் இந்தோனேசியாவும் தனித்தனி நாடுகளாவதற்கு அந்தப் பிரிவினையே அடித்தளம். 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்று மலேசியர்கள். நீரிணைக்கு அப்பால் டெலி புகையிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழித்தோன்றல்கள், மேடான் நகரில் இந்தோனேசியர்களாக வாழ்கிறார்கள்.

1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றங்களாக இணைக்கப்பட்டன. தலைநகர் பினாங்கு. ஆனால் உரிமைத் தகராறு நீங்கிய சிங்கப்பூர் வேகமாக வளர்ந்து, 1832இல் அந்தத் தகுதியைப் பெற்றுக்கொண்டது.

1827இல் பிரதமர் லிவர்பூல் பிரபு பக்கவாதத்தால் விலக, கெனிங் அந்தப் பதவிக்கு வந்தார். கத்தோலிக்கர்களுக்கு அரசியல் உரிமை வேண்டும் என்ற அவரை ஏற்காமல் வெல்லிங்டனும் பீலும் விலகினர். எதிர்த்தரப்பு விக் கட்சியினர் சிலரைச் சேர்த்து அமைச்சரவை அமைத்தார். ஏற்கெனவே உடல்நலம் குன்றியிருந்தவர், 57ஆம் வயதில் பதவியிலேயே காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யப்பட்டார்.

சிங்கப்பூரின் ஃபோர்ட் கெனிங் குன்று இவர் பெயரால் அமைந்ததல்ல. இந்தியாவின் முதல் வைஸ்ராயான அவருடைய மகன் சார்ல்ஸ் கெனிங்கின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.