பரம்பரை எலும்புக் கட்டிகளும் தண்டுவட அழுத்தமும்

நோய் என்றால் என்ன?
குருத்தெலும்பு மூடிய கட்டிகள் பல எலும்புகளில் வளரும் பரம்பரை நோய் இது. இவை புற்றுநோய்க் கட்டிகள் அல்ல. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் வரும் வாய்ப்பு 50 விழுக்காடு. முழங்கால், தோள் அருகில் உள்ளவை கைக்குத் தட்டுப்படும். அரிதாக, முதுகெலும்பின் உட்புறம் வளரும் கட்டி வெளியே தெரியாமலே தண்டுவடத்தை அழுத்தும்.

அறிகுறிகள்
• கால்களில் இறுக்கம், நடையில் தள்ளாட்டம்
• கை, கால் மரத்துப்போதல், வலுக்குறைவு
• சிறுநீர் அடைப்பு. சிறுநீர், மலம் தன்னையறியாமல் வெளியேறுதல்
வலியின்றியும் இவை தோன்றலாம்.

செய்ய வேண்டியவை
கட்டிகள் உள்ளவருக்கு இவற்றில் ஒன்று தோன்றினாலும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லவும். குடும்பத்தில் இந்நோய் இருப்பதைத் தெரிவிக்கவும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அழுத்தத்தைக் காட்டும். கழுத்து, முதுகை நீவிவிடுதல் கூடாது.

சிகிச்சை
அறுவை சிகிச்சையால் கட்டி அகற்றப்படும். நரம்பு நிலையாகப் பாதிக்கப்படுமுன் செய்தால் நடை மீளும் வாய்ப்பு அதிகம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவை அணுகலாம். திடீரெனக் கால்கள் செயலிழந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ 108 ஆம்புலன்ஸை அழைக்கவும்.

வளர்ச்சிப் பருவம் முடிந்த பின்னும் பெரிதாகும் கட்டி புற்றுநோயாக மாறியிருக்கலாம்; உடனே பரிசோதிக்கவும்.