கராத்தே கிளாஸ் சுவத்துல ஒரு சாமுராய்

ஞாயித்துக்கிழமை காலைல எங்க வீரபாண்டிப் பக்கம் வந்தீங்கன்னா ஏதாவது ஒரு மொட்டை மாடியில இருந்து "இச்சி, நீ, சான்"னு சத்தம் கேக்கும். கீழே கட்டிங் செக்‌ஷன், மேலே கராத்தே கிளாஸ். அக்கா பையன் அப்படி ஒரு மாடியிலதான் கத்துக்கறான். அவனைக் கூட்டிட்டு வரப் போனப்போ சுவத்துல ஒரு ஃப்ளெக்ஸ். கத்தி ஏந்தின சாமுராய் படம், பக்கத்துல 'ஆயிரம் ஆண்டுப் பழமையான ஏழு குணங்கள்': நேர்மை, துணிவு, கருணை, மரியாதை, உண்மை, மானம், விசுவாசம்.

"மாமா, சாமுராய் எல்லாம் கராத்தே போட்டாங்களா?"ன்னு கேட்டான். தெரியாதுன்னு சொல்ல மாமனுக்கு மனசு வருமா? ராத்திரி உக்காந்து தேடிப் படிச்சேன். படிக்கப் படிக்க அந்த ஃப்ளெக்ஸ் சாயம் போய்க்கிட்டே இருந்தது :-)

சாமுராய் குடும்பங்களில் ஆளாளுக்கு ஒரு கட்டுப்பாடு, ஒரு குடும்ப விதி இருந்திருக்கிறது. ஆனால் எல்லாருக்கும் பொதுவாக இப்படி ஒரு ஏழு அம்சப் பட்டியல் கிடையாது. பட்டியல் வந்தது இனாசோ நிடோபே என்பவர் எழுதிய 'புஷிடோ' புத்தகத்திலிருந்து. வெளியான வருஷம் 1900. எழுதியது ஆங்கிலத்தில், அதுவும் உடம்பு சரியில்லாமல் அமெரிக்காவில் ஓய்வில் இருந்தபோது. 1862ல் சாமுராய் குடும்பத்தில் பிறந்தவர்தான், ஆனால் 1876ல் அரசாங்கம் சாமுராய்கள் வாள் ஏந்தி நடப்பதையே தடை செய்தபோது அவருக்கு வயசு 13. பிறகு விவசாயம் படித்தார், கிறிஸ்தவரானார், அமெரிக்கப் பெண்ணைக் கல்யாணம் செய்தார். "உங்க பள்ளிக்கூடத்துல மத போதனை இல்லேன்னா நல்லது கெட்டதை எப்படிச் சொல்லித் தர்றீங்க?" என்று ஒரு பெல்ஜியம் நாட்டு அறிஞர் கேட்ட கேள்விக்கு, பல வருஷம் கழித்து அவர் சொன்ன பதில் அந்தப் புத்தகம். அதில் வரிசையாக வரும் ஏழு அத்தியாயத் தலைப்புகள்தான் நம்ம மொட்டை மாடி ஃப்ளெக்ஸ்.

கராத்தே கதை இன்னும் வேடிக்கை. அது ஒகினாவா தீவுக்காரர்களின் கலை. அந்தத் தீவு ரியூக்யூ என்று தனி ராஜ்ஜியமாக இருந்தது. 1609ல் சத்சுமா சாமுராய்கள் படையெடுத்து அதைப் பிடித்தார்கள். ஆக, சாமுராய்களிடம் தோற்ற ஊரின் கலைக்குப் பக்கத்தில் சாமுராய் படத்தை மாட்டி வைத்திருக்கிறோம்! ஃபுனகோஷி என்ற பள்ளிக்கூட வாத்தியார் 1922ல் டோக்கியோவில் செய்து காட்டிய பிறகுதான் ஜப்பான் முழுக்க அது பரவியது. கருப்பு பெல்ட்டும் கராத்தேயில் பிறந்ததில்லை, ஜூடோவிலிருந்து வாங்கினது. ஃபுனகோஷி முதல் கருப்பு பெல்ட் கொடுத்தது 1924ல்.

அதுக்காக ஏழு குணமும் டூப்புன்னு நான் சொல்ல வரலைங்க. யார் எழுதினா என்ன, நல்லது நல்லதுதான். எனக்குப் பயம் ஏழாவது மேலதான், விசுவாசம். 1930களில் ஜப்பான் ராணுவம் அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, கருணையைக் காற்றில் விட்டுவிட்டது. கேள்வி கேக்காம சாவுன்னு பையன்களை விமானத்தோட அனுப்பினதுல வந்து முடிஞ்சது. இங்கேயும் "மாஸ்டர்கிட்ட எதிர்க்கேள்வி கேக்காதே"ன்னு சொல்லும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

மரியாதைக்கு ஜப்பான் வரைக்கும் போகணுமான்னும் தோணுச்சு. சிலம்பத்துல கம்பு சுத்தறதுக்கு முன்னாடி சலாம் வரிசை போடறாங்களே, அது என்ன? துணிவுக்கு எங்க ஊர்லயே ஆள் இருக்கார். 1932 ஜனவரி 10, தடியடியில மண்டை உடைஞ்சும் கொடியை விடாத குமரன். திருப்பி ஒரு அடி அடிக்கலை. மறுநாள் உயிர் போச்சு. அந்த ஃப்ளெக்ஸ்ல சாமுராய்க்குப் பக்கத்துல கொஞ்சம் இடம் இருக்கத்தான் செய்யுது.

போன மாசம் கிரேடிங். பையனுக்குப் பச்சை பெல்ட் கிடைச்சது, வீட்ல கேசரி எல்லாம் செஞ்சாச்சு. ராத்திரி எங்கிட்ட வந்து மெதுவா, "மாமா, கட்டா பாதியில மறந்து நின்னுட்டேன். ஆனாலும் பாஸ் போட்டுட்டாங்க. பணம் கட்டின எல்லாரும் பாஸ்"னான்.

எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. இந்த ஊர்ல செக்கிங் டேபிள்ல உக்காந்திருக்கற அக்காங்க ஊசி முனை ஓட்டை இருந்தாலும் பீஸைத் தூக்கி ரிஜெக்ட்ல போடுவாங்க. அவன் அம்மாவே அந்த வேலைதான் பார்க்கறா. அவளுக்கு முன்னாடி இதை எப்படிச் சொல்றது? கிளாஸ்ல போய்க் கேட்டேன். "சின்னப் பசங்க சார், மனசு உடைஞ்சிரும்"னாங்க. ஐந்தாவது குணம் எனக்கு நேரா பின்னாடி சுவத்துல இருந்துச்சு. திரும்பிக் கையைக் காட்டலாம்னு நினைச்சேன், காட்டலை. துணிவுல நானே ஃபெயில்.

அடுத்த ஞாயிறு கிளம்பறப்போ பார்த்தா பையன் பழைய ஆரஞ்சு பெல்ட்டைக் கட்டிட்டு நிக்கறான். பச்சை, பீரோவுல மடிச்ச மடிப்பு கலையாம இருக்கு. ஏன்டான்னு அக்கா கேட்டதுக்கு, "கட்டா முழுசா வரட்டும்மா"ன்னான்.

அக்கா எம் மூஞ்சியப் பார்த்தா. நான் வண்டி சாவியத் தேடற மாதிரி உள்ளே போயிட்டேன்.