வானொலி நிலையங்களின் பெயர் மாற்றம்

ஆரணியில் நெய்த பட்டு காஞ்சிபுரம் பட்டு என்னும் பெயரிலும் விற்கப்படுவதுண்டு. வானொலி நிலையங்களும் தம் பெயரை இழந்ததுண்டு. சென்னை மாநகராட்சி 1930 முதல் நடத்திவந்த ஒலிபரப்பு, 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தோன்றியதும் முடிவுற்றது.

மைசூரின் வரலாறோ விந்தையானது. உளவியற் பேராசிரியர் கோபாலசாமி 1935-இல் தம் இல்லத்தே தொடங்கிய நிலையம் 'ஆகாசவாணி' எனப் பெயர் பெற்றது. 1950-இல் நடுவணரசு அதனை ஏற்றது. அப்பத்தாண்டிலேயே அத்தனிப்பெயர் நாடு முழுமைக்கும் உரியதாயிற்று. விழுங்கப்பட்டது விழுங்கியதற்குப் பெயரிட்டது எனலாம்!

தமிழர் 'வானொலி' என்னும் சொல்லையே போற்றினர். ஆங்கிலப் பெயரை விடுத்து 'ஆகாசவாணி' என்றே கூறுமாறு 2023 மே மாதத்தில் ஆணை பிறந்தபோது தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்தது. அவ்வெதிர்ப்பு தக்கதே, எனினும் அப்பெயர் தில்லியில் பிறந்ததன்று.