டென்னிஸ் எல்போ: ஆறு வாரத்தில் ஜெயித்த ஊசி

பெயர்தான் டென்னிஸ் எல்போ. இந்த முழங்கை வலி வருபவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. 1873இல் ருங்கே என்ற ஜெர்மன் மருத்துவர் இதைப் பற்றி எழுதியபோது, அவர் பேசியது பேனா பிடித்து எழுதுபவர்களின் கை வலியைப் பற்றி! 1883இல் இங்கிலாந்தில் ஒருவர் 'லான் டென்னிஸ் எல்போ' என்று எழுத, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. நம் நாட்டில் அதைப் பிரபலமாக்கியவர் சச்சின். 2004இல் வலி வந்து, 2005இல் லண்டனில் ஆபரேஷன் செய்துகொண்டார்.

ஊசியின் கதை 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் தொடங்குகிறது. மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் கொடுத்தார்கள். சில நாளில் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசே கிடைத்தது. அப்புறம் என்ன, வலிக்கிற மூட்டுக்கெல்லாம் ஸ்டீராய்டு ஊசிதான். முழங்கையும் தப்பவில்லை. வலி என்றால் அழற்சி, அழற்சி என்றால் ஸ்டீராய்டு. இதுதான் கணக்கு.

இந்தக் கணக்கை 2002இல் நெதர்லாந்தில் 185 பேரிடம் சோதித்தார்கள். சிலருக்கு ஊசி, சிலருக்குப் பிசியோதெரபி, மற்றவர்களுக்கு 'பொறுத்திருங்கள், தானாகச் சரியாகும்' என்ற ஆலோசனை. ஆறு வாரத்தில் ஊசி போட்டவர்களில் 92% பேருக்குக் குணம். சும்மா இருந்தவர்களில் 32% மட்டுமே. ஊசிக்கு அமோக வெற்றி! ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஊசிக்காரர்கள் 69%, சும்மா இருந்தவர்கள் 83%, பிசியோதெரபி 91%. டாக்டரும் நோயாளியும் பார்ப்பது முதல் ஆறு வாரத்தை. அதனால்தான் இவ்வளவு காலம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை போலும். 2013இல் ஆஸ்திரேலிய ஆய்வு இன்னும் மோசம்: ஸ்டீராய்டு போட்டவர்களில் 54% பேருக்கு வலி திரும்பியது. வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களில் 12% பேருக்குத்தான்.

காரணம் மைக்ராஸ்கோப்பில் இருந்தது. ஆபரேஷனில் வெட்டியெடுத்த தசைநாணை அமெரிக்க மருத்துவர் நிர்ஷல் ஆராய்ந்து 1979இல் எழுதினார். அதில் அழற்சியின் அடையாளம் இல்லை. தேய்ந்துபோய், சரியாக ஆறாத திசுதான் இருந்தது. இல்லாத அழற்சிக்குத்தான் மருந்து போட்டிருக்கிறார்கள்.

ஆறாததை ஆற்றவேண்டும் என்று அடுத்து வந்தது பிஆர்பி. நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து பிளேட்லெட்டைப் பிரித்து அங்கேயே ஏற்றுவது. 2010இல் நெதர்லாந்து ஆய்வில் இது ஸ்டீராய்டைத் தோற்கடித்தது. யாரோடு போட்டி என்று கவனியுங்கள்! ஒரு வருடத்தில் எப்படியும் பின்தங்கும் ஆளோடு. 2013இல் டென்மார்க்கில் 60 பேரிடம் உப்புநீரோடு ஒப்பிட்டபோது, மூன்று மாதத்தில் வலியில் வித்தியாசமே இல்லை. 2021இல் 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பும், பிஆர்பியால் சொல்லிக்கொள்ளும்படியான பலன் அநேகமாக இல்லை என்றே எழுதியது.