சென்னை டிராம் வண்டியும் அதன் சீட்டுக் கணக்கும்

காவிரி பாயும் நம் தஞ்சைத் தரணியில் களத்து நெல்லை அளக்குங்கால், முதல் மரக்காலை ஒன்று என்னாது ‘லாபம்’ என்றே எண்ணத் தொடங்குவது வழக்கமாயிருந்தது. அளப்பவன் ஒருவன், கணக்கெழுதுவோன் மற்றொருவன், அளக்காது நிற்கும் பொலியின்மேல் சாணிப்பாலாலோ சாம்பலாலோ குறியிட்டுக் காவல் காப்போன் வேறொருவன். கைமாறும் பொருளுக்குக் கண்கள் பல வேண்டுமென்பது நம் முன்னோர் கண்ட முறை. சென்னை மாநகரில் ஏறத்தாழ 58 ஆண்டுகள் ஓடி ஓய்ந்த டிராம் வண்டியின் வரலாற்றை ஆராயப் புகுந்தபோது, நம் நெற்களமே நம் நினைவிற்கு வந்தது.

1895-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் சென்னையில் டிராம் ஓடத் தொடங்கிற்று. இந்தியாவில் மின்சாரத்தால் ஓடிய முதல் டிராம் இதுவே. கல்கத்தாவில் 1873-லும் பம்பாயில் 1874-லும் குதிரைகள் இழுத்த டிராம்கள் ஓடினவெனினும், அவை மின்சாரத்திற்கு மாறியது முறையே 1902-லும் 1907-லுமாம். சென்னையில் முதற்கண் தண்டவாளங்களுக்கிடையே நிலத்தடியில் வெட்டிய கால்வாய் வழியே மின்சாரம் பெற்றனர். ஐப்பசி கார்த்திகை மழையறியாத ஊருக்கே அது தக்கது. நீர் புகுந்து கெடுக்கவே, பின்னர் மேலே கம்பி கட்டினர். (வாய்க்காலின் குணத்தை நம் நாட்டு மிராசுதார் எவரேனும் முன்னரே சொல்லியிருப்பர்!) 1921-ஆம் ஆண்டில் 97 வண்டிகள் சுமார் 15 மைல் பாதையில் ஓடின.

இனி, நாம் சொல்லப் புகுந்த செய்திக்கு வருவோம். இரயிலுக்கு நிலையமுண்டு, வேலியுண்டு, வாயிலில் சீட்டுக் கேட்போரும் அந்நாளில் இருந்தனர். எழும்பூரில் வந்திறங்கிய தஞ்சை நாட்டார் சீட்டைக் கொடாது வெளியேறல் அரிதாயிருந்தது. டிராமோ நடுத்தெருவில் நிற்பது. ஏறுவோரும் இறங்குவோரும் மதிலின்றித் திரிவர். ஆதலின் கம்பெனியின் வருவாய் முழுதும் கண்டக்டர் என்னும் ஒருவன் கையில் தங்கிற்று. அவனைக் கண்காணிக்க, உலகெங்கும் டிராம் நடத்தினோர் கைக்கொண்ட உபாயம் வரிசையெண் இட்ட சீட்டுக்கட்டாகும். காலையில் டிப்போவில் கட்டுகளைப் பெறுங்கால் முதல் எண்ணைக் குறிப்பர். வழிமுனை ஒவ்வொன்றிலும் அப்போதைய எண்ணைக் கண்டக்டர் தன் தாளில் எழுதுவான். ஈரெண்களின் வேற்றுமையே விற்ற சீட்டு. அதனைக் கட்டணத்தாற் பெருக்க, செலுத்த வேண்டிய தொகை வரும். சீட்டைத் துளைக்குந்தோறும் மணியொலிக்கும் கருவி ஒன்றும் பிறநாடுகளில் எழுந்தது. அதனைச் செய்து விற்கவே லண்டனில் 1878-இல் ஒரு கம்பெனி தோன்றிற்று. இடைவழியில் திடீரென ஏறும் இன்ஸ்பெக்டர், பயணிகள் கையிலுள்ள எண்ணையும் தாளிலுள்ள எண்ணையும் ஒத்துப் பார்ப்பார். களத்துப் பொலியின் சாம்பற்குறி கலைந்துளதா என நோக்குவதும் இதுவும் ஒரு தன்மையவே.

இத்தாளுக்கு மற்றொரு பயனுமுண்டு. எந்தப் பொழுதில், எந்தப் பகுதியில் எத்துணைப் பேர் ஏறினர் என்பதும் அதிலேயே தெரியும். கச்சேரி நேரத்தில் மவுண்ட் ரோட்டிற்கு வண்டி கூட்டுவதா, உச்சிப்பொழுதில் குறைப்பதா என்பதை அதனைக் கொண்டே முடிவு செய்யலாம். ஐயத்திற் பிறந்த ஏடு நகர மாந்தரின் நடமாட்டக் கணக்காகவும் ஆயிற்று. ஆயின் கூட்டம் மிகுங்கால் இவ்வேற்பாடு தளரும். நெரிசலில் நின்று சில்லறை மாற்றி, சீட்டுக் கிழித்து, மணியடித்து, எண்ணும் எழுத இருகைகள் போதா. விடுபட்ட காசிற்குக் கண்டக்டரே பிணையாவான் எனின், நெரிசலை உண்டாக்கியவர் எவர் என்று கேட்கத் தோன்றுகிறது. வண்டி போதாமை கம்பெனியின் குறை. அதன் நட்டம் சம்பளக்காரன் தலையிற் சேர்தல் நீதியன்று என்பதே நம் கருத்து.

இத்தகைய வினாக்கள் சென்னையில் எழாமலில்லை. 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் ஆலைத் தொழிலாளர்க்கெனச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று, வாடியா தலைவராயிருந்தார், திரு. வி. கலியாணசுந்தர முதலியாரும் உடனின்று உழைத்தார். அதனை அடுத்து டிராம் தொழிலாளரும் தமக்கெனச் சங்கம் கண்டனர்.

பின்னர் மோட்டார் பஸ்கள் பெருகின. தண்டவாளம் இல்லாத தெருவிலும் அவை சென்றன. டிராம் கம்பெனி பொருள் முட்டுற்று, 1953-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாளோடு வண்டிகளை நிறுத்திற்று. கண்டக்டரும் டிரைவரும் டிப்போத் தொழிலாளரும் பிழைப்பிழந்தனர். வரிசையெண் இட்ட சீட்டுக்கட்டு மட்டும் பஸ் கண்டக்டர் கையில் நெடுங்காலம் நிலைத்தது.